ஒரு லட்சத்து ஒன்பது

கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வரும் கோடையில் உங்களில் சிலர் முதன்முறையாக விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்குப் போவீர்கள். சிவப்பு மையில் எங்கே எழுத வேண்டும், கூட்டலை யார் சரிபார்க்க வேண்டும், கட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் அச்சடித்த தாளாகவே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. அந்தத் தாளில் இடம்பெறாத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். பணிக்காலத்தில் நான் பெருமையாக நினைக்கும் நாட்களை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலில் வரும். முனைவர் பட்டம் வாங்கிய நாள் அதற்கு அடுத்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஓர் எண்ணை அறிமுகப்படுத்த வேண்டும்.

1000009. பத்து லட்சத்து ஒன்பது. எண்கோட்பாடு நடத்தியவர்கள் அனைவருக்கும் இது பழக்கமான எண். பார்ப்பதற்குப் பகா எண் போலவே இருக்கும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று எதனால் வகுத்தாலும் மீதி நிற்கும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் மாபெரும் கணித மேதை ஒருவரே இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு அது தவறு என்று தானே நிறுவினார். அவர் கையாண்ட வழி அழகானது. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வெவ்வேறு விதத்தில் எழுத முடிந்தால் அது பகா எண் அன்று. அந்த இரண்டு ஜோடிகளைக் கொண்டே அதன் காரணிகளையும் கண்டுபிடித்துவிடலாம். 1000009-க்கு முதல் ஜோடி கேட்காமலே கிடைக்கிறது: ஆயிரத்தின் வர்க்கம், மூன்றின் வர்க்கம். இரண்டாவது ஜோடி 972, 235. இவற்றிலிருந்து 293 × 3413 என்று எண் உடையும்.

நாங்கள் எல்லோருமே இந்த எண்ணை வைத்துத்தான் இந்தப் பாடத்தை நடத்தினோம். நோட்ஸ் போடும் கடைக்காரர்களும் இதையேதான் அச்சடித்தார்கள். 972, 235 இரண்டையும் மதுரை மாணவர்கள் டவுன் பஸ் நம்பரைப் போல மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பதினைந்து மதிப்பெண் நிச்சயம்.

அந்த ஆண்டு வந்தது. கட்டாய வினாவாகவே வந்தது: கொடுத்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதி, அதிலிருந்து காரணிகளைக் காண்க.

முகாம் வைகைக்கு வடக்கே ஒரு கல்லூரியின் மாடிக் கூடத்தில் நடந்தது. மே மாதம். தாள் பறக்கிறது என்று மின்விசிறிகளைப் பாதி வேகத்தில் வைத்திருந்தோம். காற்று மேசை வரை வந்து சேராது. அந்தத் தாளுக்கு நான் முதன்மைத் தேர்வாளர். எனக்குக் கீழே துணைத் தேர்வாளர்கள் கட்டுக் கட்டாகத் திருத்திக் கொடுப்பார்கள். நான் ஒவ்வொரு கட்டிலும் சில விடைத்தாள்களை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். எந்தத் தாளை எடுப்பது என்பது என் விருப்பம். பெரும்பாலும் மேலிருந்து நாலைந்து எடுப்பார்கள். நான் அப்படி எடுப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிய விடைக்குப் பூஜ்யம் விழுந்திருந்தால் அந்தத் தாளைத்தான் எடுப்பேன். ஒருவர் அவ்வளவு எழுதியும் ஒன்றுமே தேறவில்லை என்றால், என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பெருமாள்சாமியின் கட்டில் அப்படி ஒன்று அகப்பட்டது. பெருமாள்சாமி என்னைவிட இளையவர், செல்லூர்க்காரர். இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும் சந்தில் வளர்ந்ததால் பக்கத்தில் இருப்பவரிடமும் உரக்கவே பேசுவார். கூடத்திலேயே வேகமான கை அவருடையது. கூட்டலில் பிழை வராது.

அந்த விடைத்தாளில் முதல் பக்கம் முழுக்க நமக்குத் தெரிந்த விடை இருந்தது. ஆயிரம், மூன்று, 972, 235, கடைசியில் 293 × 3413. ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை அளவுகோல் வைத்து ஒரே கோடாக அடித்திருந்தது. அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. அடுத்த பக்கத்தில் வேறு ஏதோ கணக்கு. அதன் கடைசி வரி 7 × 7 × 13 × 157 என்று முடிந்தது. அதற்குச் சிவப்பில் ஒரு பூஜ்யம்.

பெருமாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த மகராசனா? கையில கெடச்ச லட்டத் தூக்கி வீசிட்டுப் போயிருக்கான்ணே. சரியா எழுதினத அடிச்சுட்டு, கீழ என்னத்தயோ போட்டு வச்சிருக்கான். கடைசி வரியப் பாத்தேன், நம்ம விடையும் இல்ல, நம்ம விடைக்குச் சொந்தக்காரனும் இல்ல."

நான் இரண்டாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். முதல் வரி கணக்கல்ல. தமிழில் ஒரு குறிப்பு. 'வினாத்தாளில் உள்ள எண் 100009. மேலே எழுதியது வேறு எண்ணுக்கு உரியது. எனவே அடித்துவிட்டேன்.'

பெருமாளிடம் வினாத்தாளைக் கொடுத்து, அந்தக் கேள்வியில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

"பத்து லட்சத்து ஒம்பது" என்றார் தயங்காமல்.

பக்கத்து மேசையில் இருந்த ராஜேஸ்வரி அம்மையாரிடம் கொடுத்தேன். மகளிர் கல்லூரி ஒன்றில் பணிபுரிந்தவர், நிதானமானவர். அவரும் பத்து லட்சத்து ஒன்பது என்றே படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனா முனையால் பூஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருக்க வேண்டியது ஐந்து. இருந்தது நான்கு.

"சார், இது ஒரு லட்சத்து ஒன்பது" என்றார் மெல்லிய குரலில்.

அச்சில் ஒரு பூஜ்யம் விழுந்துபோயிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் நடத்திய எண்ணையே அங்கே கண்டார்கள். தேர்வெழுதியவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். கேள்வியின் முதல் பாதியைப் பார்த்ததுமே பேனா ஓடத் தொடங்கியிருக்கும்.

இந்த ஒருவர் மட்டும் முழுப் பக்கம் எழுதி முடித்த பிறகு கேள்வியைத் திரும்பப் பார்த்திருக்கிறார். பதினைந்து மதிப்பெண்ணின் குறுக்கே தானே கோடு இழுத்திருக்கிறார். அதன்பின் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு லட்சம் வர்க்க எண் அன்று; ஆகவே 1000009-க்குக் கிடைத்ததுபோல முதல் ஜோடி இங்கே இலவசமாகக் கிடைக்காது. அவர் சிறிய பகா எண்களிலிருந்து ஆரம்பித்தார். ஏழால் வகுபட்டது. மறுபடியும் ஏழால் வகுபட்டது. மிச்சம் 2041. அது 45-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் சேர்ந்தது. 40-இன் வர்க்கமும் 21-இன் வர்க்கமும் சேர்ந்ததும்கூட. இந்த நான்கையும் ஏழால் பெருக்கி, 100009 என்பது 315, 28 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டல், 280, 147 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டல் என்று எழுதியிருந்தார். அங்கிருந்து முறைப்படி காரணிகள்.

315-இன் வர்க்கம் 99225. அதோடு 784. நின்ற இடத்திலேயே மனதுக்குள் கூட்டினேன். ஒரு லட்சத்து ஒன்பது.

என் வாழ்நாளில் சில நல்ல நிறுவல்களை முதன்முறையாகப் படித்த இன்பம் எனக்கு உண்டு. அவற்றில் ஒன்றை ஒரு தேர்வெழுதியவரின் கையெழுத்தில் படித்தது அந்த ஒருமுறைதான்.

ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையும் அதே தாளில் இருந்தது. அடுத்த கேள்வி மூன்று வரியோடு நின்றிருந்தது. அதற்கடுத்தது தொடங்கப்படவே இல்லை. நேரம் முழுவதும் இந்தக் கணக்கில் போயிருக்கிறது. மொத்த மதிப்பெண் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். அது இறுதியாண்டுத் தாள். தவறினால் பட்டமும் மேற்படிப்பும் ஓராண்டு தள்ளிப்போகும்.

முகாம் அலுவலரிடம் போனோம். அவர் விலங்கியல் பேராசிரியர், நல்ல மனிதர். மதிப்பெண் பட்டியல்களை எடுத்துப்போக மறுநாள் காலை பல்கலைக்கழக வண்டி வருவதாக இருந்தது. அந்தக் கவலை அவர் நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் தெரிந்தது. அச்சுப்பிழை என்று கேட்டதுமே அவரிடம் தயாராக ஒரு வழி இருந்தது. தவறான கேள்வியை நீக்கிவிடலாம். மீதமுள்ள எண்பத்தைந்துக்கு வாங்கியதை நூற்றுக்கு மாற்றிவிடலாம். கட்டுகளைப் பிரிக்கவே வேண்டாம், முகப்புப் பக்கத்தைப் பார்த்து எழுத்தர்களே செய்துவிடுவார்கள். வேறு பாடங்களில் அப்படிச் செய்ததுண்டு என்றும் சொன்னார்.

பெருமாளுக்கு அது பிடித்திருந்தது. திருத்தியதையெல்லாம் மறுபடி திருத்த எந்தத் தேர்வாளருக்கும் மனம் வராது. நான் பதில் சொல்லும் முன்பே ராஜேஸ்வரி அம்மையார் மேசையில் கிடந்த ஒரு துண்டுத் தாளில் வகுத்துக்கொண்டிருந்தார். எண்பத்தைந்துக்கு முப்பத்தொன்று என்றால் நூற்றுக்கு முப்பத்தாறரைகூட முழுதாக வரவில்லை.

"கேள்வியை நீக்கினால் இந்தத் தாள் ஃபெயில் சார்" என்றார் அவர். "நமக்குத் தெரிந்து கேள்வியை ஒழுங்காகப் படித்த ஒரே தாள்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பையனுக்காக இவ்வளவு கட்டையும் பிரிக்கச் சொல்றீங்களா?"

"பையனா பொண்ணான்னு எனக்குத் தெரியாது சார்" என்றேன். "தவறான கேள்வியா இருந்தா நீங்க சொல்றபடி நீக்கிடலாம். இது தவறான கேள்வி இல்ல. விடை இருக்கு. சரியான கேள்விய நீக்க எனக்கு அதிகாரம் இல்ல."

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பூஜ்யம் விழுந்தும் கேள்வி பிழைத்தது தற்செயல். நான்கால் வகுத்தால் மூன்று மீதி தரும் பகா எண் ஒன்று காரணியாக வந்தால், அது இரட்டைப்படை முறைதான் வர வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. ஏழு அப்படிப்பட்ட எண். 100009-க்குள் ஏழு இரண்டு முறை இருக்கிறது. ஒரே முறை இருந்திருந்தால் அன்று நானே கேள்வியை நீக்கச் சொல்லியிருப்பேன்.

அலுவலர் நியாயமாகவே சொன்னார்: விடைக்குறிப்பை மாற்றுவது என்றால் பாடக்குழுத் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் வேறு ஊரில் இருந்தார். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அலுவலக அறையிலேயே உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் பெருமாள் என்ன செய்தார் என்றால், ஜன்னலோரமாகப் போய் 315-ஐ 315-ஆல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். பிறகு 280. பிறகு 147. திரும்பி வந்தபோது அவர் குரல் முதன்முறையாகத் தணிந்திருந்தது.

"வருதுண்ணே. ரெண்டு வழியிலயும் வருது."

தொடர்பு கிடைத்தது. தலைவர் முதலில் கோபித்தார். அச்சகத்தைத் திட்டினார். அடுத்து, நீக்கிவிடுங்கள் என்றார். நான் எண்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மறுமுனையில் தாள் சரசரப்பது கேட்டது. மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று தொலைபேசி ஊழியர் குறுக்கிட்டார், நீட்டிக்கச் சொன்னேன்.

"ஏழு ரெண்டு தடவை இருக்கா?" என்று தலைவர் கேட்டார். இப்போது குரலில் கோபம் இல்லை. கணக்குப் போடும் ஆளின் குரல்.

"ரெண்டு தடவை இருக்கு சார்."

"இதை அந்தப் பிள்ளை ஹால்ல உக்காந்து கண்டுபிடிச்சிருக்கு."

"ஆமா சார்."

"நாளைக்கு யாராவது கேட்டா உங்க பேருதான் வரும். முதன்மைத் தேர்வாளர்ங்கிற முறையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?"

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் பின்வாங்குவோம். அவர் கேட்டது நியாயம். பல்கலைக்கழகத்தில் ஒருவர் கேள்வி எழுப்பினால், முகாமைத் தாமதப்படுத்தியவன் என்ற பெயர் என் கோப்பில் ஏறும். ஆனால் கணிதத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு, வேறு துறையினருக்குக் கிடைக்காதது. நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் ஒரு துண்டுத் தாளில் காட்டிவிடலாம். தருகிறேன் என்றேன்.

கூடத்துக்குத் திரும்பி, கரும்பலகையில் 100009 என்று எழுதி, அதன் கீழே அந்த இரண்டு ஜோடிகளையும் எழுதினேன். வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. எல்லோரும் பெருக்கிப் பார்த்தார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் கையால் போட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்துக்காகவே நம் துறை ஆட்களை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொருவராக நிமிர்ந்தபோது முகங்கள் மாறியிருந்தன. கட்டுகளைப் பிரிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள நேரவே இல்லை. தங்கள் கட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்கும் அவசரம் அவர்களுக்கே வந்துவிட்டது.

அப்போதுதான் அடுத்த சிக்கல். மனப்பாடமாக 1000009-க்கு விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களை என்ன செய்வது? அவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியவர்கள். காலையில் சிரித்த பெருமாள் இப்போது எதிர்ப்பக்கத்தின் கடைசிக்கே போய்விட்டார்.

"அம்புட்டுப் பேருக்கும் முட்டையப் போடுவோம்ணே. கேள்வியப் படிக்காம கண்ண மூடிக்கிட்டு எழுதிருக்காங்க."

"நாமளும் கண்ண மூடிக்கிட்டுத்தானய்யா மார்க் போட்டோம்" என்றேன். "அவங்களுக்கு முட்டைன்னா நமக்கு என்ன போடுறது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெருமாளும் சிரித்துவிட்டார்.

முடிவை அங்கேயே சொன்னேன். பிழை அச்சில் நேர்ந்தது. நாங்கள் நடத்தியதை நம்பி எழுதியவர்களைத் தண்டிப்பதில்லை. அவர்கள் மதிப்பெண் அப்படியே இருக்கும். அச்சில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டவர்களுக்கு, செய்த அளவுக்கு மதிப்பெண். ஒரு லட்சம் வர்க்க எண் அன்று, ஆகவே முடியாது என்று எழுதி நிறுத்தியவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்கள் எண்ணைச் சரியாகப் பார்த்தார்கள். ஆனால் முடியாது என்றது தவறு. தேற்றத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் அதற்குரியதை மட்டும் கொடுக்கச் சொன்னேன். ராஜேஸ்வரி அம்மையார் அவர்களுக்காக வாதாடினார். பாதி வழி போனவர்கள் அல்லவா என்று கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. அதில் அவருக்கு என்மேல் வருத்தம்தான். இன்று யோசித்தாலும் என் முடிவு மாறாது.

மாலைக்குள் எல்லாக் கட்டுகளும் பார்த்து முடிந்தன. ஒரு ஜோடியைக் கண்டுபிடித்து அடுத்ததற்கு நேரமில்லாமல் நின்றவர்கள் இரண்டொருவர் அகப்பட்டார்கள். அவர்களுக்கு உரியது கிடைத்தது. முழுதாக முடித்தவர் அந்த ஒருவர்தான்.

இளைய நண்பர்களே, விடைக்குறிப்பை மதியுங்கள். அது இல்லாமல் முகாம் நடக்காது. ஆனால் அது ஒரு மனிதர் எழுதியது, அவர் எதிர்பார்த்த விடை மட்டுமே அதில் இருக்கும். எதிர்பாராத விடை வந்தால், கடைசி வரியை ஒப்பிட்டுவிட்டு நகராதீர்கள். முதல் வரிக்குப் போங்கள். வண்டி காத்திருக்கலாம். வண்டியில் ஏறுவது என்ன என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கடைசியாக அந்த விடைத்தாளைத் திருத்தும் வேலை இருந்தது. முதன்மைத் தேர்வாளர் என்ற முறையில் நானே மாற்றியிருக்கலாம். பெருமாள் விடவில்லை. பூஜ்யம் போட்ட கைதான் அதை மாற்ற வேண்டும் என்று என் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவசரமே இல்லாமல் இரண்டாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் பதினைந்து என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். முகப்பில் முப்பத்தொன்று நாற்பத்தாறாக மாறியது. நானும் ஒப்பமிட்டேன்.

தாளை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தேர்வெண் இருக்க வேண்டிய இடத்தில் முகாமின் டம்மி நம்பர் மட்டும்தான் இருந்தது. எந்த ஊர், எந்தக் கல்லூரி, ஆணா பெண்ணா, எதுவும் தெரிய வழியில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அண்ணே" என்றார் பெருமாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதினஞ்சுக்கு மேல போட விதியில எடம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்படின்னா விதி பத்தலண்ணே" என்று சொல்லிவிட்டு, தாளைக் கட்டில் அதற்குரிய இடத்தில் செருகி, நூலை இறுக்கிக் கட்டினார்.